நானோ திரவம் ஊற்றினால் சோலார் ஹீட்டர் அதிகம் சூடாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரவியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் புராஜெக்ட் தலைப்புகளில் இது தவறாமல் இடம்பெறுகிறது. மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், கணக்குப் போட்டுப் பார்த்து நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நானோ திரவம் என்றால் என்ன?

தண்ணீர், எத்திலீன் கிளைக்கால், வெப்ப எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்களைக் கலந்து, அவை அடியில் படியாமல் மிதக்கும்படி செய்தால் அது நானோ திரவம். அலுமினா, காப்பர் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு, கிராஃபைட், கார்பன் நானோகுழாய் ஆகியவை வழக்கமாகக் கலக்கப்படும் துகள்கள்.

திரவங்கள் வெப்பத்தை மந்தமாகத்தான் கடத்தும். தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.6 வாட். செம்புக்கு அது 400 வாட்டை நெருங்குகிறது. அப்படியானால் செம்புத் தூளைத் தண்ணீரில் கலந்தால் என்ன என்பது இயல்பாக எழும் யோசனை. கலவையின் கடத்துத்திறனுக்கு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் எழுதிவிட்டார். ஆனால் மைக்ரோமீட்டர் அளவுத் தூள் அடியில் படியும், குழாயை அடைக்கும், பம்பை அரிக்கும். துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் இந்தத் தொல்லைகள் குறையும் என்று அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் சோய் முன்வைத்தார். ‘நானோ திரவம்’ என்ற பெயரை 1995இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

கடத்துத்திறன் உண்மையிலேயே அவ்வளவு கூடுகிறதா?

2001இல் ஆர்கான் குழு வெளியிட்ட ஒரு முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் வெறும் 0.3 சதவீதம் செம்பு நானோ துகள், கடத்துத்திறனில் 40 சதவீத உயர்வு. மேக்ஸ்வெல் சூத்திரத்தின்படி 1 சதவீதத் துகளுக்கு ஏறத்தாழ 3 சதவீத உயர்வுதான் வரவேண்டும். 0.3 சதவீதத்துக்கு 1 சதவீதம்கூட வராது. அந்த இடைவெளியை விளக்கப் பல கோட்பாடுகள் பிறந்தன.

நம் ஊரிலும் இந்தத் துறையில் முக்கியமான வேலை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ் உள்ளிட்ட குழு 2003இல், அலுமினா, காப்பர் ஆக்சைடு துகள் கலந்த தண்ணீரை 21 டிகிரியிலிருந்து 51 டிகிரி வரை சூடாக்கி அளந்தது. வெப்பநிலை ஏற ஏறக் கடத்துத்திறன் உயர்வு இரண்டு முதல் நான்கு மடங்கு பெரிதாகிறது என்று கண்டது. சோலார் துறையின் ஆர்வத்தைத் தூண்டியவற்றில் இதுவும் ஒன்று, ஏனெனில் ஹீட்டரில் வெயிலை வாங்கித் திரவத்தைச் சூடாக்கும் பகுதியான சேகரிப்பான் வேலை செய்வதும் அந்த வெப்பநிலையை ஒட்டித்தான். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப்பும் சகாக்களும் மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள் கலந்த திரவத்தைக் காந்தப் புலத்தில் வைத்தார்கள். துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வெப்பத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தன. கன அளவில் 6.3 சதவீதத் துகளுக்கு 300 சதவீத உயர்வு கிடைத்தது. துகள்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதுதான் விஷயம் என்று அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

பிறகு 2009இல் எம்.ஐ.டி.யின் யாகோபோ புவோஞ்சோர்னோ ஒருங்கிணைக்க, உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரித் திரவங்களைத் தனித்தனியே அளந்தன. அந்த மாதிரிகளில் வழக்கத்தை மீறிய உயர்வு எதுவும் தென்படவில்லை. மேக்ஸ்வெல் வழியில் வந்த கோட்பாடே அளவீடுகளோடு ஒத்துப்போனது. நன்றாகக் கலந்து, துகள்கள் தனித்தனியே மிதக்கும் திரவத்துக்கு நான் இந்த முடிவையே நம்புகிறேன்.

கடத்துத்திறன் 20 சதவீதம் கூடினால், சேகரிப்பானின் செயல்திறனும் 20 சதவீதம் கூடுமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாடியில் இருக்கும் தட்டைச் சேகரிப்பானை மனக்கண்ணில் பிரித்துப் பாருங்கள். மேலே கண்ணாடி. அதன் கீழே கறுப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடு. தகட்டோடு ஒட்டவைத்த செம்புக் குழாய்கள். அவற்றுக்குள் தண்ணீர். வெயிலைத் தகடு வாங்கி, குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அதே சமயம் தகட்டின் சூட்டில் ஒரு பகுதி கண்ணாடி வழியாகவும் பின்பக்கமாகவும் வெளியே தப்பிவிடுகிறது. தகடு எவ்வளவு சூடோ அவ்வளவு இழப்பு.

இப்போது எண்கள். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், அதில் 600 வாட் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய்கள் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, உள்விட்டம் 11 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு மீட்டர் குழாய்க்கும் 72 வாட் இறங்குகிறது. நீரோட்டம் மெதுவாக, வரிச்சீராக (சுழலில்லாமல் அடுக்கடுக்காக) இருப்பதால் குழாய்ச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றக் குணகம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 250 வாட். இதை வைத்துக் கணக்கிட்டால், சுவர் தண்ணீரைவிட சுமார் 8 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும்.

நானோ திரவம் கைவைக்க முடிந்த இடம் இந்த 8 டிகிரி மட்டும்தான். கடத்துத்திறனைக் கூட்டிப் பரிமாற்றத்தை 20 சதவீதம் உயர்த்தினால் 8 டிகிரி 7 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும். தகடு ஒன்றரை டிகிரி குளிரும். சேகரிப்பானின் வெப்ப இழப்பு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 5 வாட் என்றால், மிச்சமாவது சதுர மீட்டருக்கு 7 வாட். அறுநூறில் ஏழு, அதாவது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். அந்த 8 டிகிரியையே ஒட்டுமொத்தமாக ஒழித்துவிட்டாலும் மிச்சம் 40 வாட்டைச் சுற்றித்தான் வரும். இந்த வகைச் சேகரிப்பானில் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் தாண்ட முடியாத கூரை அது.

ஹாட்டல், விலியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1950களில் வகுத்த சேகரிப்பான் சமன்பாட்டில் இந்தக் கூரை எழுதியே இருக்கிறது. திரவத்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் காரணி அதில் உண்டு. ஒரு நல்ல சேகரிப்பானில் அதன் மதிப்பு ஏற்கெனவே 0.9ஐ ஒட்டி இருக்கும். ஒன்றைத் தாண்ட முடியாத காரணியை அதற்கு மேல் எங்கே உயர்த்துவது?

அப்படியானால் 28 சதவீதம் கூடியது என்று வந்த ஆய்வு?

2012இல் ஈரானிலிருந்து வெளிவந்த, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வைச் சொல்கிறீர்கள். எடையளவில் 0.2 சதவீத அலுமினா கலந்த தண்ணீரைத் தட்டைச் சேகரிப்பானில் ஓட்டி 28.3 சதவீத உயர்வு கண்டதாக அது கூறுகிறது. அளந்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துத் தங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்கும் மாணவர்களிடம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அலுமினா தண்ணீரைப்போல நான்கு மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே எடையில் 0.2 என்பது கன அளவில் 0.05 சதவீதம். மேக்ஸ்வெல் கணக்குப்படி கடத்துத்திறன் உயர்வு 0.15 சதவீதம். இதிலிருந்து 28 சதவீதம் கிளம்ப வழியே இல்லை.

அளவீட்டில் எவ்வளவு தவறு நுழைய முடியும் என்பதையும் பாருங்கள். 2 சதுர மீட்டர் சேகரிப்பானில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் எட்டரை டிகிரிதான். இரண்டு வெப்பமானிகளும் அரை டிகிரி வீதம் எதிரெதிர்த் திசையில் தவறினால் விடையில் 12 சதவீதப் பிழை வந்துவிடும். நேற்று தண்ணீரையும் இன்று நானோ திரவத்தையும் அளந்தால், இடையில் காற்றும் மேகமும் மாறியிருக்கும். ஒரு சதவீத மாற்றத்தைப் பிடிக்க விரும்புகிறவர்கள் இரண்டு சேகரிப்பான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். பாதியில் திரவங்களை இடம் மாற்றி மறுபடியும் அளக்க வேண்டும்.

‘வெப்ப இயக்கவியல் செயல்திறன்’ என்று தலைப்பில் போடுகிறோம். சாதாரணச் செயல்திறனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நூறு வாட் வெயிலில் அறுபது வாட் தண்ணீரில் சேர்ந்தால் 60 சதவீதம் என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதியின் கணக்கு. அது வெப்பத்தின் அளவைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. தரத்தை, இரண்டாம் விதியின் வழியில், எக்ஸர்ஜி என்ற அளவால் பார்க்கிறோம். இருக்கும் வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலையைக் கறக்க முடியும் என்பதுதான் எக்ஸர்ஜி. 30 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அந்த வெப்பத்தில் வேலையாக மாறக்கூடியது 5 சதவீதத்துக்கும் குறைவு. 300 டிகிரியில் கிடைக்கும் வெப்பத்துக்கு அதே எண் 47 சதவீதம்.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அங்கிருந்து வரும் ஒளியை 340 கெல்வினில் இருக்கும் கறுப்புத் தகடு உறிஞ்சும் அந்தக் கணத்திலேயே எக்ஸர்ஜியின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. தகட்டுக்கும் தண்ணீருக்கும் இடையிலான 8 டிகிரியில் அழிவது அதற்கு முன்னால் மிகச் சிறியது. குளிக்கும் வெந்நீருக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அங்கே நமக்கு வேண்டியது வெப்பத்தின் அளவு. நீராவிக்கும் மின்சாரத்துக்கும் என்றால் வெப்பநிலையை உயர்த்துவதுதான் வழி. நானோ திரவத்தின் உண்மையான இடம் எது என்பதையும் இரண்டாம் விதி இங்கேதான் காட்டிக்கொடுக்கிறது.

அந்த இடம் எது?

கறுப்புத் தகட்டையே எடுத்துவிட்டு, வெயிலைத் திரவமே நேரடியாக உறிஞ்சும்படி செய்யும் சேகரிப்பான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

யோசனை பழையது. 1975லேயே மினார்டி, சுவாங் என்ற ஆய்வாளர்கள் கறுப்பு மை போன்ற திரவத்தைத் தட்டைச் சேகரிப்பானில் ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். மை வெயிலில் நிறம் கெடும், படியும். நானோ துகள்கள் அந்த யோசனைக்கு மறுவாழ்வு கொடுத்தன. தூய தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் அது பிடிப்பது சூரிய ஆற்றலில் 13 சதவீதம்தான். அதில் துளி கார்பன் துகளைக் கலந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். கணக்குப்படி 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராமை ஒட்டிய நுண்ணிய கார்பன், ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் பிடித்துவிடும். கடத்துத்திறனை நகர்த்துவதற்கே போதாத அளவு இது. ஒளியைப் பிடிப்பதற்கோ தாராளம்.

இப்படிச் செய்தால் சூடான தகடு என்ற ஒன்றே இல்லை. சுவருக்கும் திரவத்துக்கும் இடையிலான அந்த 8 டிகிரியும் இல்லை. திரவத்தின் உட்பகுதி சூடாகவும் மேற்பரப்பு சற்றுக் குளிர்ந்தும் இருக்கும்படி வடிவமைக்க முடியும். 2009இல் ஹிமான்ஷு தியாகி, பேட்ரிக் பெலன், ரவி பிராஷர் மூவரும் கணித மாதிரியில் தட்டைச் சேகரிப்பானைவிட 10 சதவீதப் புள்ளிகள் வரை கூடலாம் என்று காட்டினார்கள். 2010இல் ஒட்டானிகர் குழு சோதனையில் 5 சதவீதம் வரை உயர்வு கண்டது. 28ஐவிடச் சிறிய எண்கள்தான். ஆனால் எங்கிருந்து வருகின்றன என்று விளக்க முடிகிற எண்கள்.

வெயிலைக் குவித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. ஐம்பது மடங்கு குவித்த ஒளி ஒரு குழாய்ச் சுவரில் விழுந்தால், சுவருக்கும் திரவத்துக்கும் இடையே 8 டிகிரி அல்ல, பல பத்து டிகிரி வித்தியாசம் வரும். அதை ஒழிப்பதால் கிடைக்கும் லாபமும் அந்த அளவுக்குப் பெரிது.

துகள் கூடக் கூட நல்லதுதானே?

இல்லை. அளவுக்கு மீறிக் கலந்தால், கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கே எல்லா ஒளியையும் விழுங்கிவிடும். அந்த அடுக்கு கொதிக்கும், கீழே உள்ள திரவம் வெயிலையே காணாது. பழைய கறுப்புத் தகட்டையே திரவத்தில் செய்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

இந்த முறையின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல செம்புத் தகட்டின் மேல் இருக்கும் கறுப்புக் குரோம் பூச்சு வெயிலில் 95 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் வெப்பக் கதிரை 10 சதவீத அளவுக்குத்தான் திரும்ப உமிழும். திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடிக்கு அந்தக் குணம் கிடையாது, அது வெப்பக் கதிரை ஏராளமாக உமிழும். தகட்டை எடுத்ததும் அந்தப் பூச்சும் போய்விடுகிறது. கண்ணாடியின் மேல் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தெளிந்த பூச்சு பூசியோ, மேலே வெற்றிடம் வைத்தோதான் இதைச் சரிக்கட்ட முடியும். இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காத ஆய்வறிக்கையைப் பார்த்தால் அதன் முடிவை நான் நம்புவதில்லை.

துகள் அடியில் படிந்துவிடாதா?

இதுதான் எல்லாரையும் தோற்கடிக்கும் இடம். 20 நானோமீட்டர் அலுமினா துகள் தனியாக இருந்தால், திரவத்தில் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி ஒரு நாளில் 0.06 மில்லிமீட்டர்தான் இறங்கும். வெப்ப அசைவே அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். அதே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மைக்ரோமீட்டர் கட்டியானால் இறங்கும் வேகம் 2,500 மடங்கு கூடும். நாளுக்கு 16 சென்டிமீட்டர், அதாவது ஒரு தண்ணீர் பாட்டிலின் உயரத்தில் முக்கால் பங்கு.

ஒருமுறை ஜன்னல் திட்டில் இரண்டு கண்ணாடிப் புட்டிகளை வைத்தோம். இரண்டிலும் ஒரே அளவு அலுமினா, இரண்டும் மீயொலிக் கருவியில் ஒரு மணி நேரம் கலக்கியவை. ஒன்றைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் சிறிது அமிலம் சேர்த்துச் செய்திருந்தோம். மற்றொன்றை விடுதியின் போர்வெல் தண்ணீரில். மறுநாள் காலை முதல் புட்டி நீர் கலந்த பால்போல அப்படியே இருந்தது. இரண்டாவது புட்டியின் அடியில் வெண்மையான படிவு, அதன் மேலே தெளிந்த தண்ணீர். புட்டியைச் சாய்த்தபோது படிவு அரிசி மாவு போல மெல்ல நகர்ந்தது. துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதற்கு அவற்றின் மேலுள்ள மின்னூட்டம் காரணம். போர்வெல் தண்ணீரின் உப்பு அந்த விலக்கத்தை மறைத்துவிடுகிறது. அலுமினாவுக்குப் பி.எச். மதிப்பு 9ஐ நெருங்கினாலே மின்னூட்டம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். சோப்பு வகை ரசாயனங்களைச் சேர்த்துத் தடுக்கலாம். ஆனால் அவற்றில் பல, தினமும் சூடாகிக் குளிரும்போது நாளடைவில் சிதைகின்றன. நுரையும் கட்டும்.

பம்புக்குச் சுமை கூடுமா?

கூடும், குறைந்த அளவில் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஐன்ஸ்டைனின் சூத்திரப்படி 1 சதவீதத் துகளுக்குப் பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை, 2.5 சதவீதம் கூடும். நடைமுறையில் துகள்கள் கொத்துக் கொத்தாக இருப்பதால் அதைவிட அதிகமாகவே கூடும். பம்பே இல்லாமல் சூட்டினால் தானாகச் சுழலும் வீட்டு ஹீட்டரில் இது ஓட்டத்தை மந்தமாக்கும்.

என் வீட்டு மாடி ஹீட்டரில் ஊற்றலாமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். பெரும்பாலான வீட்டு ஹீட்டர்களில் சேகரிப்பானுக்குள் ஓடுகிற தண்ணீரேதான் குளியலறைக் குழாயிலும் வருகிறது. துகள் உங்கள் உடம்பின் மேல் விழும், பிறகு சாக்கடைக்குப் போகும். நானோ தூளை முகக்கவசம் இல்லாமல் கொட்டிக் கலப்பது நுரையீரலுக்கு ஆபத்து.

சேகரிப்பானில் தனித் திரவமும் தொட்டியில் தனித் தண்ணீருமாக, வெப்பப் பரிமாற்றி வைத்த வகை ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதில் ஊற்றலாமே என்று கேட்பார்கள். பரிமாற்றி வழியாக வெப்பம் போக 5 டிகிரியாவது வித்தியாசம் வேண்டும். நானோ திரவம் மிச்சப்படுத்தியது ஒன்றரை டிகிரி. நானோ திரவத்துக்காகவே பரிமாற்றி வைத்தால் நஷ்டம்தான்.

அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள். கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்கலாம். மாடியிலிருந்து குளியலறை வரை வரும் வெந்நீர்க் குழாய்க்கு வெப்பக்காப்பு சுற்றலாம். குழாய்க்குள் கட்டிய உப்பை நீக்கலாம். சாதாரணக் கண்ணாடி வெயிலில் 85 சதவீதத்தை ஒட்டி உள்ளே விடுகிறது, இரும்பு குறைந்த கண்ணாடி 90ஐத் தாண்டுகிறது. இந்த ஒரு மாற்றமே எந்த நானோ திரவத்தையும்விட அதிகம் தரும்.

பெரிய சூரிய மின் நிலையங்களில் பயன்படுமா?

பரவளையக் கண்ணாடி நிலையங்களில் ஓடுவது செயற்கை வெப்ப எண்ணெய், 390 டிகிரியை ஒட்டி. அங்கே ஓட்டம் வேகமானது, கொந்தளிப்பானது. சுவருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான பரிமாற்றம் ஏற்கெனவே நன்றாக இருப்பதால் செயல்திறன் உயர்வு சிறிதாகவே இருக்கும். குழாயின் வெயில் படும் பக்கத்துக்கும் படாத பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் குறைந்து, குழாய் வளையாமல் நீடிப்பது ஒரு நன்மை. ஆனால் அந்தச் சூட்டில், ஆண்டுக்கணக்கில் துகள் கட்டியாகாமல் நிற்க வேண்டும்.

புராஜெக்ட் செய்கிறோம். எந்தப் பக்கம் போகலாம்?

தட்டைச் சேகரிப்பானில் அலுமினா என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். ஒளியைப் பிரிக்கும் வேலைக்கு வாருங்கள். சிலிக்கான் சோலார் பேனல் 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களை மின்சாரமாக்க முடியாது, அவை பேனலைச் சூடாக்குவதற்கே உதவுகின்றன. பேனலுக்கு மேலே ஒரு மெல்லிய திரவ அடுக்கை ஓட்டி, பேனலுக்குப் பயன்படாத அலைநீளங்களை அதில் பிடித்து வெந்நீராக்கலாம். மற்ற ஒளி கீழே போய் மின்சாரமாகும். எந்தத் துகள், எந்த அளவு, எந்த அலைநீளத்தை வெட்டும் என்பதைக் கல்லூரி வேதியியல் துறையிலுள்ள, ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் நிறமாலைமானியிலேயே அளந்துவிட முடியும்.

அளக்கும்போது முதல் நாள் ஒரு முறை, முப்பதாம் நாள் ஒரு முறை என்று இரண்டு நிறமாலைகளை எடுங்கள். இடையில் திரவத்தைப் புட்டியில் சும்மா வைக்காமல், தினமும் பகலில் 70 டிகிரிக்குச் சூடாக்கி இரவில் ஆறவிடுங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.